நாய்கள் ஓடும் கொல்லைக்குச் செயற்கைப் புல்: எத்தனை மில்லிமீட்டர் என்பது கடைசிக் கேள்வி

சென்னை மடிப்பாக்கத்தில் தனி வீடு, பின்பக்கம் சுமார் 600 சதுர அடி கொல்லை, இரண்டு லேப்ரடார்கள். மழைக்காலத்தில் சேறு, கோடையில் புழுதி. கடைக்காரர் இழை உயரம் 35 மில்லிமீட்டர் உள்ள புல்லையும் 40 மில்லிமீட்டர் உள்ள புல்லையும் காட்டுகிறார், எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைப் படித்தவரையில் உங்கள் கவலை வேறு என்று படுகிறது. சேறு போக வேண்டும், நாற்றம் வரக்கூடாது, நாய்களுக்குக் கெடுதல் நேரக்கூடாது; இந்த மூன்றும் ஒரே செலவில் முடியுமா என்றுதான் கேட்கிறீர்கள். சேறு போகும், அதில் ஐயமில்லை. மற்ற இரண்டையும் முடிவு செய்வது புல்லுக்கு அடியில் என்ன போடுகிறார்கள் என்பதும், உங்கள் கொல்லையில் வெயில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதும்தான்.

தோட்டக்கலை படித்துவிட்டு, வீட்டுத் தோட்ட வேலைகளை எடுத்துச் செய்கிறவன் நான். செயற்கைப் புல் விற்பதில்லை. கேட்பவர்களுக்குப் போட்டும் கொடுத்திருக்கிறேன், வேண்டாம் என்று தடுத்தும் இருக்கிறேன். கால்நடை மருத்துவம் என் துறையல்ல. நாய்களின் உடல்நலம் பற்றிச் சொல்லும் இடங்களில் உங்கள் மருத்துவரின் சொல்லே கடைசிச் சொல்.

முதலில் ஒரு கணக்கு. ஆரோக்கியமான நாய் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 40 மில்லிலிட்டர் வரை சிறுநீர் கழிக்கும். உங்கள் நாய்கள் தலா 30 கிலோ என்றால், இரண்டும் சேர்ந்து நாளுக்கு 1.2 முதல் 2.4 லிட்டர் வரை; மாதத்துக்கு 36 முதல் 72 லிட்டர். இதில் பாதியைக் காலை மாலை நடையில் தெருவிலேயே விட்டுவிட்டாலும் மீதிப் பாதி கொல்லைக்குத்தான் வரும். அதுவும் 600 சதுர அடியில் பரவலாக விழாது. மோப்பம் காட்டும் இடத்துக்கே திரும்பத் திரும்பப் போவது நாயின் சுபாவம். மதில் மூலை, மரத்தடி, துணி துவைக்கும் கல் ஓரம் என்று மூன்று நான்கு இடங்களில்தான் அத்தனையும் இறங்கும். ஆகவே நீங்கள் தரை விரிப்பு வாங்குவதாக நினைக்காமல், அந்த மூன்று நான்கு இடங்களுக்கு வடிகால் கட்டுவதாக நினைத்துக்கொண்டால் பாதி முடிவுகள் தாமாகவே விழும்.

சிறுநீரில் உள்ள யூரியாவை பாக்டீரியாக்கள் உடைக்கும்போது அம்மோனியா வருகிறது. மண் தரையில் அதைக் களிமண் துகள்கள் பிடித்துக்கொள்கின்றன, வேறு வகை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன, வேர்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. பிளாஸ்டிக்கில் இதில் எதுவும் நடக்காது. நீர் ஆவியாகிவிடும், மற்றதெல்லாம் இழைகளின் அடியில் படிந்து நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் கொட்டுகிற மழை கழுவிக்கொண்டு போவதால் அப்போது ஒன்றும் தெரியாது. தை பிறந்தபின் மெல்ல ஏறும். கோடையில் ஒரு தூறல் விழுந்தால் போதும், காய்ந்து கிடந்ததெல்லாம் நனைந்து சமையலறை வரை வீசும். பெரும்பாலோர் மழைக்கு முன்பாக, புரட்டாசியில் புல் போடுகிறார்கள். மூன்று நான்கு மாதம் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு கெட்டுப்போய்விட்டதாகக் குறைப்படுகிறார்கள். கெட்டுப்போகவில்லை, மழை நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

கடையில் மாதிரித் துண்டு கொடுத்தால் மேலே தடவிப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திருப்பிப் பாருங்கள். மலிவான ரகங்களில் கறுப்பு லேடெக்ஸ் பூச்சும், ஏறக்குறைய 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் துளைகளும் இருக்கும். அந்தத் துளைகளைத் தவிர மற்ற இடமெல்லாம் நீர் புகாது. விழுந்த சிறுநீர் துளையைத் தேடிப் பரவ வேண்டும்; பரவும் வழியெல்லாம் ஈரமாகிறது. முழுப் பரப்பிலும் நீரை இறங்கவிடும் அடிப்பக்கம் கொண்ட ரகங்களும் சந்தையில் உண்டு. விலை கூடுதல்தான், ஆனால் நாய் இருக்கும் வீட்டுக்கு இந்த ஓரிடத்தில் செலவழிப்பதை நான் வீண் என்று சொல்லமாட்டேன். அடிப்பூச்சில் லேடெக்ஸுக்கும் பாலியூரித்தேனுக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் பாலியூரித்தேன். லேடெக்ஸ் ஈரத்தை உள்வாங்கும், வெயிலும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் நாளடைவில் உதிரவும் செய்யும்.

திருவான்மியூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நாற்றம் தாங்க முடியவில்லை என்று கூப்பிட்டார்கள். ஓரத்தைப் பிடித்துச் சுருளைத் தூக்கினோம். அடிப்பூச்சின் துளைகளில் நாய் முடியும், கல்லுடைக்கும் ஆலையில் மிஞ்சும் கிரஷர் தூளும் சேர்ந்து அடைத்திருந்தன. தளத்தின் மேல் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஓர் ஏடு. விரலால் வழித்தால் நகத்துக்குள் ஏறியது. அதற்குக் கீழே இரண்டு அங்குலத்துக்குக் கிரஷர் தூள் கடப்பாரை கேட்கும் அளவுக்கு இறுகிக் கிடந்தது. அதையும் கொத்தி எடுத்தால் அடியில் கடற்கரைப் பகுதிக்கே உரிய மணல், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் குடித்துவிடுகிற மணல்! வடிவதற்கு உகந்த நிலத்தின் மேல் வடியாத தளத்தைக் காசு கொடுத்துப் போட்டிருந்தார்கள். புல் மட்டும் புத்தம் புதிதாக இருந்தது.

கிரஷர் தூளை வேலைக்காரர்கள் விரும்புவதற்குக் காரணம் உண்டு. பலகையால் ஒரு இழுப்பு இழுத்தால் மட்டமாகிவிடும், புல்லை விரித்தால் ஒரு மேடு பள்ளம் தெரியாது. விளையாட்டு மைதானத்துக்கு அது சரி. நாய்ச் சிறுநீர் இறங்கும் இடத்துக்குச் சரியல்ல, ஏனென்றால் நுண்ணிய தூள் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எம்-சாண்டுக்கும் இதே குறை, அளவில் கொஞ்சம் குறைவு. அதற்குப் பதிலாகக் கீழே முக்கால் அங்குல ஜல்லி நான்கு அங்குலம் இடித்துவிட்டு, மேலே தூள் சலித்தெடுத்த கால் அங்குல கல் சிப்ஸ் ஒரு அங்குலம் போடச் சொல்லுங்கள். மட்டம் பிடிக்க நேரம் ஆகும், கூலியும் கொஞ்சம் ஏறும்.

உங்கள் மடிப்பாக்கம் திருவான்மியூர் அல்ல. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் அண்டையில் இருக்கும் தாழ்வான பகுதி, களிமண், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் கையெட்டும் தூரத்துக்கு ஏறிவிடும். அங்கே மண்ணைத் தோண்டிப் பள்ளமாக்கி ஜல்லியைப் போட்டால் கார்த்திகையில் அது தொட்டியாகிவிடும். இருக்கும் தரைக்கு மேலே ஐந்தாறு அங்குலம் உயர்த்திக் கட்டுவதுதான் வழி. களிமண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவில், மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் ஜல்லி களிக்குள் புதைந்து, தரை அலையலையாக இறங்கும். வாட்டம் பத்தடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வேண்டும், வீட்டுச் சுவரைவிட்டு விலகிப் போகும்படி. தாழ்ந்த ஓரத்தில் துளையிட்ட பிவிசி குழாய் ஒன்றைப் படுக்கவைத்தால் நீர் அதில் சேரும். கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்க்கும்போது நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். ஏற்கெனவே சிமெண்ட் தரை இருக்கும் வீடென்றால், வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மாடித் தோட்டத்துக்குப் போடும் துளையுள்ள பிளாஸ்டிக் டிரெயின் செல் பலகைகளை விரித்து அதன் மேல் புல்லைப் போடலாம். அடியில் காற்றும் நீரும் ஓடும், கழுவுவதும் எளிது.

அந்தக் குழாயில் சேரும் நீர் எங்கே போகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. 2003 இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதிலிருந்து, வீட்டைச் சுற்றி எந்தக் குழாய் தென்பட்டாலும் அதை, மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் உறைகிணற்றில் இணைத்துவிடும் பழக்கம் வந்திருக்கிறது. இதை மட்டும் இணைக்காதீர்கள். நாய்ச் சிறுநீரின் நைட்ரஜன் நிலத்துக்குள் போய் நைட்ரேட்டாக உங்கள் போர்வெல்லுக்கே திரும்பி வரும். மொட்டை மாடி நீர் உறைகிணற்றுக்கு. கொல்லை நீர் ஒரு வாழைப் பாத்திக்கு அல்லது கல்வாழைப் பாத்திக்கு. வாழைக்கு நைட்ரஜன் எவ்வளவு கொடுத்தாலும் போதாது.

இனி வெயில். செயற்கைப் புல் சூடாகும் என்பது எல்லோரும் சொல்வதுதான், ஆனால் எவ்வளவு என்று தெரிந்தால் மலைப்பாக இருக்கும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தினர் 2000களின் தொடக்கத்தில் தங்கள் மைதானத்தை அளந்தார்கள். 79 டிகிரி செல்சியஸில் இருந்த பரப்பைத் தண்ணீர் விட்டு 29 டிகிரிக்கு இறக்கினார்கள். ஐந்தே நிமிடத்தில் 49க்கும், இருபது நிமிடத்தில் 73க்கும் அது திரும்ப ஏறிவிட்டது. அது ரப்பர் குருணை நிரப்பிய கால்பந்து மைதானம். உங்கள் கொல்லையில் அதே எண்கள் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் தெளித்துச் சமாளித்துவிடலாம் என்ற நினைப்புக்கு அதில் பதில் இருக்கிறது. உண்மையான புல் இலை வழியாக நீரை ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால் குளிர்ந்திருக்கிறது. பிளாஸ்டிக்குக்கு அந்த வேலை தெரியாது. நாய் மூச்சிரைத்துத்தான் பெரும்பாலும் உடம்புச் சூட்டை இறக்குகிறது. லேப்ரடார்களோ பந்து எறிந்தால் களைப்பை மறந்து ஓடுகிற சாதி. புறங்கையை ஏழு எட்டு விநாடி தரையில் வைக்க முடியவில்லை என்றால் நாயை அதில் விடக்கூடாது. சித்திரை வைகாசியில் நிழலில்லாத புல் காலை ஒன்பது மணிக்கு மேல் மாலை வரை பயன்படாது என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

நிழல் இருந்தால் கதையே வேறு. உங்கள் மதில் ஓரத்தில் வேப்பமரம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் இந்தத் திட்டத்தின் பெரிய சொத்து. வேப்பம்பூவும் பழமும் இழைகளுக்குள் போய் ஒட்டும், தினமும் பெருக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. முருங்கை என்றால் நான் இவ்வளவு தாராளமாகச் சொல்லமாட்டேன். கம்பளிப்பூச்சிக் காலத்தில் நாய் மூக்கை வைத்துவிட்டு வீங்கிய முகத்தோடு வரும். இன்னொன்று: அண்டை வீட்டு மாடியில் பிரதிபலிக்கும் கண்ணாடிச் சன்னல் இருக்கிறதா பாருங்கள். அந்த வெளிச்சம் குவிந்து விழும் பட்டையில் புல் இழைகள் உருகிச் சுருண்டுபோவதுண்டு. இது கேட்க வேடிக்கையாக இருக்கும். கண்ணாடிக் கட்டடங்கள் பெருகும் ஊரில் வேடிக்கையல்ல.

இழைகளுக்கிடையே எதை நிரப்புவது என்பதில் ரப்பர் குருணையைப் பேச்சுக்கும் எடுக்க வேண்டாம். சூட்டைக் கூட்டும், நாயின் முடியோடு வீட்டுக்குள் வரும், சில நாய்கள் மென்று விழுங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் கொண்டுவந்த நுண்பிளாஸ்டிக் கட்டுப்பாட்டின்படி இத்தகைய குருணைகளின் விற்பனை அங்கே 2031 அக்டோபரோடு நிற்கப் போகிறது. சிலிக்கா மணல் மலிவு, இழைகளை நிமிர்த்தி நிற்கவைக்கும். நாற்றத்துக்கு எதுவும் செய்யாது. ஜியோலைட் என்ற தாது மணல் அம்மோனியத்தைப் பிடித்துவைக்கும் என்பது வேதியியலில் உறுதியான செய்தி, மீன் தொட்டிகளிலும் இதற்காகவே போடுகிறார்கள். ஆனால் அதன் கொள்ளளவுக்கு எல்லை உண்டு. நிறைந்துவிட்டால் வெறும் மணல்தான். உப்பு நீர் ஊற்றி ஊறவைத்து அலசினால் ஓரளவு புத்துயிர் பெறும். ஒருமுறை போட்டால் நாற்றமே வராது என்று சொல்லும் விற்பனையாளர் பாதி உண்மையைத்தான் சொல்கிறார். நாய்கள் வழக்கமாக நிற்கும் இடங்களில் மட்டும் போட்டு, ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டால் செலவுக்குப் பலன் இருக்கும்.

நஞ்சு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2008 இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் சில பழைய நைலான் மைதானங்களின் இழைகளில் ஈயம் அதிகம் இருப்பது தெரிந்து அவற்றை மூடினார்கள். நிறத்துக்காகச் சேர்த்த லெட் குரோமேட்தான் காரணம். இது நடந்த செய்தி. இன்று வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் பாலிஎத்திலீன் இழை. அதனால் ஈயமே இருக்காது என்று முடிவு கட்ட முடியாது. ஈயம், கன உலோகங்கள் சோதித்த ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள், முகத்தைச் சுளிக்கும் கடையை விட்டு வெளியே வாருங்கள். பிஎஃப்ஏஎஸ் எனப்படும் நெடுநாள் அழியாத வேதிப்பொருள்கள் சில புல் மாதிரிகளில் கண்டறியப்பட்டிருக்கின்றன; அவற்றால் அதன் மேல் படுத்துப் புரளும் நாய்க்கு எவ்வளவு பாதிப்பு என்பது இன்னும் தெளிவாகாத விஷயம். இவற்றையெல்லாம்விட உடனடியான ஆபத்து, நாய் இழைகளைப் பிடுங்கி விழுங்குவது. அருகம்புல்லைத் தேடித் தின்னும் பழக்கம் பெரும்பாலான நாய்களுக்கு உண்டு. அருகம்புல்லை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக்கைப் போட்டால் சில நாய்கள் அதையே கடிக்கும். குடலில் சிக்கினால் அறுவை சிகிச்சை வரை போகலாம். எதையும் கடித்துக் குதறும் வயதில் குட்டி இருக்கும் வீட்டில் ஒரு வருடம் பொறுத்துப் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

புல் போட்டால் உண்ணி வராது என்பதையும் நம்ப வேண்டாம். நம் ஊரில் நாயைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி, இரத்தம் குடித்து வீங்கியதும் இறங்கிப் போய்ச் சுவர் வெடிப்பிலும் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. சரியாக மூடாத ஓரமும் பிரிந்த இணைப்பும் அதற்கு நல்ல இருப்பிடம். எலிக்காய்ச்சல் தடுப்பூசி பற்றியும், தாழ்வான பகுதியில் இருக்கிறீர்கள் என்பதால், மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

கழுவும் முறை சுருக்கம்தான், ஆனால் தவறினால் ஆபத்து. பிளீச்சிங் பவுடரோ பிளீச்சோ கூடவே கூடாது. அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் வாயு வரும், உங்களுக்கும் நாய்க்கும் மூச்சு முட்டும். ஃபினாயிலும் வேண்டாம், பாதத்தில் ஒட்டியதை நாய் நக்கும். மலத்தை அன்றன்றே எடுத்துவிட்டு, நாய் நிற்கும் இடங்களில் தினமும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை வினிகரை இரண்டு மூன்று பங்கு நீரில் கலந்து தெளித்து, பிறகு அலசலாம். அமிலம் அம்மோனியாவைக் கட்டும். என்சைம் திரவங்கள் வேலை செய்கின்றன, ஈரத்தோடு கொஞ்ச நேரம் ஊறவிட்டால் மட்டும். தெளித்த கையோடு வெயிலில் காயவிட்டுவிட்டுப் பலனில்லை என்பவர்கள்தான் அதிகம்.

சரி, என்ன வாங்குவது? 25 முதல் 30 மில்லிமீட்டர், பாலிஎத்திலீன் இழை, அடியில் அடர்த்திக்காகச் சேர்க்கும் சுருள் இழை குறைவாக, நீர் முழுப் பரப்பிலும் இறங்கும் அடிப்பக்கம். 40 மில்லிமீட்டர் கடையில் அழகாக இருக்கும்; நாய்கள் ஓடி மடங்கிவிட்டால் மலமும் முடியும் அதற்குள் சிக்கும், எடுப்பது பெரும்பாடு. அடுத்தது, 600 சதுர அடி முழுவதற்கும் போடாதீர்கள். இந்தச் சுருள்கள் பொதுவாக 2 மீட்டர் அகலம், 25 மீட்டர் நீளத்தில் வருகின்றன. கொல்லை 20 அடிக்கு 30 அடி என்று வைத்துக்கொண்டால், முழு அகலத்துக்கு மூன்று பட்டை போட்டும் 10 சென்டிமீட்டர் குறையும். அதற்கு ஒட்டுத் துண்டு வைப்பார்கள், நாய் முதலில் அதைத்தான் பிடுங்கும். அதைவிட இரண்டு பட்டை மட்டும், 13 அடிக்கு 30 அடி. ஒரே ஒரு இணைப்பு. ஒரே சுருளில் வெட்டினாலும் ஆறரை மீட்டருக்கு மேல் மிஞ்சும்; அதைச் சுருட்டிவைத்திருந்து, கெட்டுப்போகும் மூலையை மட்டும் பின்னால் மாற்றலாம். மிச்சமிருக்கும் 7 அடிப் பட்டையில் வேப்பமரத்தடியை மண்ணாகவே விட்டு, ஓரத்தில் வாழைப் பாத்தியும், ஒரு மூலையில் மணல் குழியும், நாய் கடிக்க ஒரு திட்டு அருகம்புல்லும் விடுங்கள். மணல் குழிக்கு நாயைப் பழக்குவது கடினமில்லை. அங்கே போனவுடன் தின்பண்டம் கொடுத்தால் லேப்ரடார் இரண்டு வாரத்தில் கற்றுக்கொள்ளும். சிறுநீர் பெரும்பகுதி அங்கே இறங்கிவிட்டால் புல்லின் ஆயுள் கூடும். புல்லின் ஓரத்தை ஆணி அடித்து நிறுத்தாமல் சிமெண்ட் கட்டையில் இறுக்கச் சொல்லுங்கள். மேலே கிளம்பி வரும் ஆணி பாதத்தைக் கிழிக்கும்.

இப்போதே முன்பணம் கொடுக்க வேண்டாம். மாதிரித் துண்டு ஒன்றை, ஓரிரண்டு அடி சதுரமாவது இருக்கும்படி கேட்டு வாங்கி, நாய்கள் வழக்கமாகச் சிறுநீர் கழிக்கும் இடத்தில் இரண்டு வாரம் போட்டுவையுங்கள். பகல் இரண்டு மணிக்குப் புறங்கையை வைத்துப் பாருங்கள், திருப்பி முகர்ந்து பாருங்கள், கடிக்கிறதா என்றும் பாருங்கள். தேறினால் வேலையைத் தொடங்கலாம். ஜல்லியும் சிப்ஸும் போட்டு முடித்ததும், புல்லை விரிப்பதற்கு முன்பாக, ஒரு குடம் தண்ணீரை ஒரே இடத்தில் ஊற்றச் சொல்லுங்கள். மேலே தேங்காமல் உடனே இறங்கி, சிறிது நேரத்தில் தாழ்ந்த ஓரத்துக் குழாயில் நீர் வருகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். வரவில்லை என்றால் சுருளைப் பிரிக்க விடாதீர்கள், மீதிப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.